606 மட்டும் போதாது

கோபன்ஹேகன் மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், டிவோலி பூங்காவின் எதிர்ச்சாரியில், சாம்பல் பச்சைக் கண்ணாடி போர்த்தி ஏறத்தாழ 70 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது ராயல் ஹோட்டல். ஸ்காண்டிநேவிய விமான நிறுவனத்துக்காக ஆர்னே யாகொப்சன் வடிவமைத்தது, 1960இல் திறக்கப்பட்டது. நியூயார்க்கின் லீவர் ஹவுஸின் நகல் என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. தாழ்ந்த அகலமான அடித்தளத்தின் மேல் மெலிந்த கோபுரம் என்ற உருவம் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அந்த ஒப்பீடு வாசலோடு நின்றுவிடுகிறது. இங்கே விளக்கு, கதவுக் கைப்பிடி, முள்கரண்டி வரை யாகொப்சனே வரைந்தார். 'முட்டை', 'அன்னம்' நாற்காலிகள் 1958இல் இந்த ஹோட்டலுக்காகவே பிறந்தவை.

அவர் விட்டபடியே இன்று மிஞ்சியிருப்பது 606ஆம் எண் அறை ஒன்றுதான். சுவர் நேர்கோடு, ஜன்னல் நேர்கோடு, இருண்ட மரப்பலகையில் பதித்த ஒப்பனை மேசையும் நேர்கோடு; மூடியைத் தூக்கினால்தான் அதற்குள் கண்ணாடி இருப்பது தெரியும். இத்தனை கட்டங்களுக்கு நடுவே நீலப்பச்சைத் துணி போர்த்திய முட்டை நாற்காலி மட்டும் வளைகிறது. அந்த வளைவுக்கு வேலை உண்டு. திறந்த கூடத்தில் உட்கார்ந்தவரைத் தோளும் தலையும் மறைய அணைத்து, ஆள்கூட்டத்தில் அவருக்கென ஒரு தனிமையைத் தருவதற்காக உருவானது அது. கடை ஜன்னலில் தனியாக வைத்த முட்டைக்கு இந்தப் பொருள் கிடையாது.

ஹோட்டல் அருங்காட்சியகம் அல்ல, காலத்துக்கேற்ப மாறாவிட்டால் மூட வேண்டியதுதான் என்பார்கள். குழாயும் மின்கம்பியும் குளியலறையும் மாறட்டும். அதில் எனக்கு வழக்கே இல்லை. ஆனால் இரட்டைக் கண்ணாடிகளுக்கு இடையே ஆர்க்கிட் செடிகள் தொங்கிய குளிர்காலத் தோட்டத்தை எந்தக் குழாய்க்காக அழித்தார்கள்? ஓர் அறையைக் காப்பாற்றிவிட்டோம் என்பது மற்றவற்றைக் கலைப்பதற்கான அனுமதிச் சீட்டாகிவிட்டது. கூடத்திலிருந்து படுக்கையறை வரை ஒரே கை ஓடியதே இந்தக் கட்டடத்தின் சாதனை. அதை ஓர் அறையால் காட்ட முடியாது. மெல்லிய எஃகுக் கம்பிகளில் தொங்கும் சுழல்படிக்கட்டு கூடத்தில் இன்னும் இருக்கிறது. தோட்டத்தின் பழைய புகைப்படங்களும் இருக்கின்றன. அடுத்த புதுப்பிப்புக்குப் பணம் ஒதுக்கும்போது புதிய சோபாவுக்கு முன் அந்த ஆர்க்கிட் சுவரைத் திரும்ப எழுப்ப வேண்டும்.