அத்தையின் மூளைப் படம்

உங்கள் வீட்டிலும் அது இருக்கும். பீரோவின் மேலே, பழைய காலண்டர்களுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் நடுவில், ஒரு முழ நீளத்துக்கு ஒரு பெரிய உறை. உள்ளே கறுப்புக் கறுப்பாகப் பிலிம்கள். எறியவும் மனம் வராது. எடுத்துப் பார்த்தால் புரியவும் புரியாது. நான் சிறுமியாக இருந்தபோது, சூரிய கிரகணத்தன்று பக்கத்து வீட்டு மாமா ஓர் எக்ஸ்ரே பிலிமை எங்கள் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினார். (அது கண்ணுக்குக் கெடுதல், நீங்கள் செய்து வைக்காதீர்கள்!) அதைத் தவிர அந்தப் பிலிம்களுக்கு வேறு பிரயோஜனம் உண்டென்று போன மாதம் வரையில் நான் நினைத்ததே இல்லை.

போன மாதம் என் மாமியாருக்கு இரண்டு நாளாகத் தலை சுற்றல். மேடவாக்கத்தில் எங்கள் குடும்ப டாக்டர், "எதற்கும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம்" என்றார். அழைத்துக்கொண்டு போனேன். கவுண்ட்டரில் இருந்த பெண் ஒரு தாளை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்து, அங்கே ஒரு கையெழுத்து மேடம்" என்றாள். நான் பத்திரிகைக்காரி. அச்சடித்த காகிதத்தைப் படிக்காமல் விட முடியாது. அது தொழில் தந்த வியாதி. ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில், கடைசிக்கு முந்தின வரி: பெயரை நீக்கிவிட்டு இந்தப் படங்களை இணையத்தின் வழியே மற்ற ஆராய்ச்சி நிலையங்களோடு பகிர்ந்துகொள்ளச் சம்மதமா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

"யாரோடு பகிர்ந்துகொள்வீர்கள்?" என்று கேட்டேன்.

"எல்லாரும் 'ஆம்'னுதான் போடுவாங்க மேடம்" என்று பதில் வந்தது.

கட்டத்தைக் காலியாக விட்டேன். படம் எடுத்தார்கள். நல்ல வேளையாக, பயப்படும்படி ஒன்றுமில்லை. ரிப்போர்ட் வாங்க வரும்போது பதில் சொல்கிறேன் என்று தாளின் நகலோடு வீடு திரும்பினேன்.

விஷயத்தை அத்தையிடம் விளக்கினேன். மூளை அவருடையது, அபிப்பிராயமும் அவருடையதாகத்தானே இருக்க வேண்டும்? அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே யோசித்தார்.

"என் பேரை எடுத்துட்டுக் குடுப்பாங்களா? கோயில்ல ஒரு அர்ச்சனைக்கே பேரு, நட்சத்திரம் எல்லாம் கேக்கறாங்க. பேரே இல்லாம ஒரு தானமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் கேட்டதில் தவறொன்றும் இல்லை. பதில் தெரிந்துகொள்ள நாலைந்து ராத்திரி படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்; நாளைக்கு உங்கள் முன்னாலும் இப்படி ஒரு தாள் நீளலாம்.

நம் கண்ணுக்குத் தெரிவது பிலிம்தான். அசல் படம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதோடு நோயாளியின் பெயர், பிறந்த தேதி, எடுத்த இடம், எடுத்த நாள் எல்லாம், அஞ்சல் உறையின் மேல் விலாசம் போல, ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வெளியே அனுப்புமுன் அந்த விலாசத்தை அழிக்க வேண்டும். அதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. தலையை எடுத்த படமாயிற்றே! மூளையோடு மூக்கும் முகவாயும் பதிந்துவிடுகின்றன. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் 2019-ல் ஒரு சோதனை செய்தார்கள். 84 பேரின் தலைப் படத்திலிருந்து முகத்தை உருவாக்கி, அவர்களுடைய சாதாரணப் போட்டோக்களோடு ஒத்துப் பார்க்கும்படி முகம் அறியும் மென்பொருளிடம் கொடுத்தார்கள். 70 பேரை அது சரியாகக் கண்டுபிடித்துவிட்டது! ஆகையால் பெயரை அழித்தால் மட்டும் போதாது. மூளையை விட்டுவிட்டு முகத்தையும் அழித்துவிட வேண்டும். அதற்கும் மென்பொருள் இருக்கிறது. செய்தார்களா என்று கேட்பது நம் பொறுப்பு.

இத்தனை பயம் இருக்கும்போது எதற்காகக் கொடுக்க வேண்டும் என்கிறீர்களா? நானும் அங்கேதான் நின்றேன். ஒரு செய்தி என்னை நகர்த்தியது. மூளையை அளக்க உலகமெல்லாம் வெகு காலமாகப் பயன்பட்டு வந்த மாதிரிப் படம் கனடாவில், மான்ட்ரியல் நகரத்து நிலையம் ஒன்றில் தயாரானது. மேல்நாட்டாரின் மூளைகளை வைத்துச் செய்தது. நம்மவர் மூளையையும் அந்த அச்சில்தான் பொருத்திப் பார்த்தார்கள். வேறொருத்தியின் அளவு ரவிக்கையை வைத்து நமக்குத் தைத்தது போலத்தான். ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் 100 இந்தியர்களின் படங்களைச் சேர்த்து நமக்கென்று ஒரு மாதிரியை 2019-ல் வெளியிட்டார்கள். சராசரியில் நம்முடையது அளவில் கொஞ்சம் சிறியதாம். (அளவுக்கும் புத்திக்கும் சம்பந்தமில்லை, என் வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டு எதுவும் சொல்ல வேண்டாம்.) அச்சு சரியாக இருந்தால்தானே, வயதானவர்களுக்கு மூளை சுருங்குகிறதா, மறதி நோயா என்று டாக்டர் சரியாகக் கணிக்க முடியும்? அந்த 100 பேரும் வாலிபர்கள். எழுபது வயதுக்காரர்களின் படம் வேண்டுமென்றால் எழுபது வயதுக்காரர்கள்தான் கொடுத்தாக வேண்டும்.

இன்னொன்று நமக்கு வெகு அருகில். மேடவாக்கம் கூட்டுரோட்டிலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பில் நிற்கும் பறவைகளைப் பார்த்துக்கொண்டே வேளச்சேரி வழியாகப் போனால் சென்னை ஐ.ஐ.டி. அங்கே, இன்போசிஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் உதவியால், அவர் மனைவியின் பெயரில், சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2022-ல் ஆரம்பமாயிற்று. பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் அதன் தலைவர். 2024 டிசம்பரில் அவர்கள் வெளியிட்ட படத்தொகுப்புக்கு 'தரணி' என்று பெயர். பிறக்காமலே போன ஐந்து சிசுக்களின் மூளைகள். 14 வாரத்திலிருந்து 24 வாரம் வரை. சென்னை மெடிஸ்கான், சவீதா மருத்துவக் கல்லூரி ஆகியவற்றோடு ஆஸ்திரேலியா, ருமேனியா, தென் ஆப்பிரிக்கா நாட்டு நிபுணர்களும் சேர்ந்து செய்தது. மயிரிழையினும் மெல்லியதாக 5,132 சீவல்கள். ஒவ்வொன்றையும் செல்கள் தெரியும்படி படம் பிடித்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். கருவில் மூளை மளமளவென்று வளரும் காலம் அது. எங்கே கோளாறு தொடங்குகிறது என்று தேடும் டாக்டருக்கு, கோளாறு இல்லாதது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமல்லவா?

நான் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து அத்தைக்குக் காட்டினேன். சின்னதில் சுருக்கமே இல்லை, வழவழவென்றிருக்கிறது. வளர வளரத்தான் மடிப்பு விழுகிறது. அத்தை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"இந்த அஞ்சுக்கும் பேரு வெச்சிருக்காங்களா?"

"இல்லை அத்தை. வாரக் கணக்கு மட்டும்தான்."

"எனக்கும் ஒண்ணு இருந்ததும்மா. உன் வீட்டுக்காரனுக்கு முன்னால. 1979-ல. ஆறாம் மாசம்."

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் இந்த வீட்டில் நான் இதைக் கேட்டதில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. பிள்ளையா பொண்ணான்னுகூட எங்கிட்ட சொல்லலை. எங்கிட்ட யாரும் எதையும் கேக்கவும் இல்லை." கொஞ்சம் நிறுத்தி, "இவங்களோட அம்மாக்களைக் கேட்டாங்களா?" என்றார்.

குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் பெற்றார்கள் என்று சொன்னேன். தலையை மட்டும் அசைத்தார்.

மறுநாள் இரண்டு பேருமாக ஸ்கான் சென்டருக்குப் போனோம். முகத்தை அழிப்பீர்களா, கம்பெனிகளுக்கு விற்பீர்களா, பிறகு வேண்டாமென்றால் திரும்பப் பெறலாமா என்று மூன்று கேள்விகளை எழுதி வைத்திருந்தேன். வயதான டாக்டர் ஒருவர் வெளியே வந்து பொறுமையாகப் பதில் சொன்னார். முகத்தை அழித்துவிடுவோம், விற்பதில்லை, அனுப்புவதற்கு முன் சொன்னால் நிறுத்திவிடலாம், அனுப்பின பிறகு ஒருவராலும் திரும்பப் பெற முடியாது என்றார். அந்தக் கடைசிப் பதிலை அவர் ஒளிக்காமல் சொன்னதால்தான் மற்ற இரண்டையும் நான் நம்பினேன். தாள் ஏன் தமிழில் இல்லை என்றும் கேட்டேன். தனிமனிதரின் விவரங்களைக் காக்க 2023-ல் பாராளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம், சம்மதம் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ தமிழ் உள்பட 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது. டாக்டர் குறித்துக்கொண்டார்.

அத்தை பேனாவைக் கேட்டு வாங்கி, 'ஆம்' கட்டத்தில் கோடு போட்டார். வழக்கமாக ஓர் இனிஷியலோடு கிறுக்கிவிடுகிறவர், அன்றைக்கு அப்பா பெயர், தன் பெயர், மாமாவின் பெயர் மூன்றையும் தமிழில் நிறுத்தி நிறுத்தி எழுதினார். கோட்டைத் தாண்டி ஓரம் வரை போய்விட்டது.

"மேடம், கையெழுத்து மட்டும் போதும்" என்றாள் அந்தப் பெண்.

"எப்படியும் நீங்க பேரை எடுத்துடப் போறீங்க. எடுக்கறதுக்கு முன்னால முழுசா ஒரு தடவை இருக்கட்டும்" என்றார் அத்தை.