பிறர் வீட்டு மேசை

என் தந்தையாரிடம் நீளமான கணக்கு நோட்டு ஒன்று உண்டு. பால்காரருக்குக் கொடுத்த பணம், எனக்குத் தடுப்பூசி போட்ட நாள், தாத்தா மறைந்த திதி எல்லாம் அதில் இருக்கும். "இந்தக் காலத்தில் இது எதற்கு அப்பா?" என்று கைப்பேசியைக் காட்டி நான் நகைத்ததுண்டு.

நகைத்த வாய்க்குச் சென்ற ஆண்டு தண்டனை கிடைத்தது. மூன்றாண்டுகளாக நான் குறிப்பெழுதி வந்த செயலியை நடத்தியவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். முன்னறிவிப்பு மின்னஞ்சலில் வந்திருக்கிறது. ஆய்வுக்கூடமே கதி என்று கிடந்த நான் பார்க்கவில்லை. கெடு முடிந்தது, குறிப்புகளும் முடிந்தன. ஆய்வை மீண்டும் செய்துவிடலாம். ஆனால் பாட்டி தொலைபேசியில் சொல்லச் சொல்ல நான் எழுதிய உறவினர் பெயர்ப் பட்டியலுக்கு எங்கே போவேன்? பாட்டி இன்று இல்லை.

1945-இல் அமெரிக்க அறிஞர் வானிவர் புஷ் 'மெமெக்ஸ்' என்றொரு கருவியைக் கற்பனை செய்தார். அது ஒரு மேசை. ஒருவருடைய நூல்கள், கடிதங்கள், குறிப்புகள் யாவும் நுண்படச் சுருளாக அதனுள் அடங்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அவரே தடம் அமைத்துக்கொள்ளலாம். அந்தக் கனவின் பெரும்பகுதி இன்று நம் சட்டைப்பையில் இருக்கிறது. ஆனால், புஷ் கண்ட மேசை அவரவருக்கே உரியது. நம்முடைய மேசையோ பிறர் வீட்டில் கிடக்கிறது!

நம் குறிப்புகளைத் தாமே படித்து, கேட்டதற்கு விடை கூறும் கருவிகளும் வந்துவிட்டன. இனி அவை இன்னும் கூர்மை பெறும். மகிழ்ச்சிதான். ஆனால் குறிப்பே போய்விட்டால் விடை ஏது? எனவே புதிய கருவி எதைக் கண்டாலும் நான் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். என் குறிப்பு என் கணிப்பொறியிலும் இருக்குமா? இந்தக் கருவி மறைந்தபின் வேறொன்றால் அதைத் திறக்க முடியுமா? சித்தப்பா 2001-இல் ஒரு பழைய எழுத்துருவில் தட்டிய கடிதங்கள் இன்று வெறும் குறிகளாகத் தெரிகின்றன. ஒருங்குறியில் எழுதிய எளிய உரைக்கோப்புக்கு அந்தக் கதி எளிதில் வராது.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது நடந்ததைத் தந்தையாரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் நோட்டை எடுத்து நீட்டினார். பாட்டி சொன்ன பெயர்களில் பாதி அதில் இருந்தது. மறுபாதி போனது போனதுதான்.

நண்பர்களே, இன்றிரவு படுக்குமுன் உங்கள் குறிப்புகளுக்கு ஒரு படி எடுத்து வையுங்கள்.