நம் ஊர் நம் கண்ணில்

ஓவியக் காட்சி என்றதும் கொழும்பு மாநகரின் மண்டபங்களே நம் நினைவுக்கு வருகின்றன. வரைவோரும் பார்ப்போரும் எங்கோ இருப்பவர்கள் என்று நாமும் வாளாவிருந்துவிடுகிறோம். ஆயினும் நம் திருகோணமலை இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஓவியமாகி இலண்டனில் அச்சேறிவிட்டது என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

சாமுவேல் டானியல் என்னும் ஆங்கில ஓவியர் இலங்கைக்கு வந்து தாம் கண்டவற்றை வரைந்தார். அவை பன்னிரண்டு படங்கள் கொண்ட நூலாக 1808ஆம் ஆண்டில் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று, ஒஸ்டன்பேர்க் கோட்டையிலிருந்து நோக்கிய திருகோணமலைத் துறைமுகம். 1811இல் அவர் இந்நாட்டிலேயே காலமானார்.

அப்படத்தின் பிரதியைக் காணுந்தோறும் எனக்கு ஓர் எண்ணம் தோன்றும். ஓவியர் எங்கே நின்றார் என்பதே அவர் எதைக் கண்டார் என்பதைத் தீர்மானிக்கிறது. 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய கோட்டையின் உயரத்தில் நின்றவருக்குக் கப்பல்களுக்கு உகந்த துறைமுகம் தெரிந்தது. அங்காடியும், கோயில் வீதியும், திருக்கடலூரில் வலை உலரும் கரையும் நம் வாயிலில் நின்றால் அல்லவா தெரியும்?

1943இல் கொழும்பில் தோன்றிய ‘நாற்பத்து மூன்று குழு’வைச் சேர்ந்த ஐவன் பீரிஸ், பிற்காலத்தில் இங்கிலாந்திலே குடியேறிய பின்னரும் இலங்கைக் கடற்கரையையே நினைவிலிருந்து தீட்டிக்கொண்டிருந்தார். வந்தவர் வரைந்தார், சென்றவரும் வரைந்தார். இருக்கும் நாம் என்ன செய்தோம்?

சென்ற தவணையில் என் மாணவரிடம், “உங்கள் ஊரை வரைந்து வாருங்கள்” என்றேன். பெரும்பாலான தாள்களில் இரு மலைகள், இடையே உதயசூரியன், ஓர் ஓலைக் குடிசை! நம் ஊரிலே சூரியன் கடலிலன்றோ எழுகிறது? “வீட்டு வாசலில் நின்றால் தெரிவதை மட்டும் வரையுங்கள்” என்று மீண்டும் பணித்தேன்.

இம்முறை ஒரு மாணவி, எதிர்க் கடையருகே கோவா இலை தின்னும் புள்ளிமானை வரைந்திருந்தாள். ஒரு மாணவன் வெறும் அத்திவாரம் ஒன்றை வரைந்திருந்தான். அவன் பிறக்குமுன்னே, 2004ஆம் ஆண்டுக் கடற்கோளில் அழிந்த வீடு அது. அதன் நிழற்படம் ஒன்றேனும் எஞ்சவில்லை. “வாசலில் நாலு தூண் இருந்ததாம், சேர்” என்றான்.

அப்படங்களை வகுப்பறைச் சுவரிலே வரிசையாக ஒட்டிப் பெற்றாரை அழைத்தோம். அம்மாணவனின் அப்பப்பாவும் வந்திருந்தார். அத்திவாரத்தின் முன் நெடுநேரம் நின்றார். “நாலில்லை தம்பி, ஆறு” என்று கூறிப் பென்சிலைக் கேட்டு வாங்கி, நடுங்கும் கையால் தூண்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். பேரன் அருகில் நின்று, கூரை எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். வரைந்ததை வீட்டுச் சுவரில் மாட்டுங்கள். ஊரை அறிந்த முதியவரை அதன் முன் அழைத்து வந்து நிறுத்துங்கள். அதைவிடச் சிறந்த ஓவியக்கூடம் நமக்கு வேண்டுவதில்லை.