ஒலிபெருக்கியின் பெறுமதி

கடந்த மாரிக்கு முன், இக்கல்லூரி விடுதியில் நம்மோடு ஐந்தாண்டு உடனிருந்த நண்பர் ஒருவர், கொழும்பிலிருந்து ஒரு சோடி ஒலிபெருக்கிப் பெட்டிகளைக் கொணர்ந்து இறக்குவானையிலுள்ள நம் வீட்டு முன்னறையில் வைத்தார். தாம் கனடாவிலுள்ள மகனிடம் செல்லவிருப்பதால் மூன்று இலட்சம் ரூபாவுக்கு அவற்றைத் தருவதாகவும், ஒரு வாரம் கேட்டுப் பார்த்து முடிவு சொல்லுமாறும் கூறிச் சென்றார். கடையில் அவற்றின் விலை இதனினும் இரு மடங்காம்.

தோட்டத்திற் பிறந்தோர்க்கு எந்த விலையும் முதலிற் கூலிக் கணக்காகவே தோன்றும். 2021ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அக்கணக்கின்படி அப்பெட்டிகள் முந்நூறு நாட் கொழுந்து. நம் கையிலிருந்ததோ ஓய்வுபெற்றபோது கிடைத்த பணிக்கொடையின் மிச்சம். முன்னறைக்குச் சீலிங் அடிப்பதற்கென ஒதுக்கியது. தகரக் கூரையின் கீழிருந்து இரத்தினபுரி மாவட்டத்து மழையைக் கேட்டவர்க்கு அதன் அவசரம் விளங்கும்.

நம் தந்தையாரின் றேடியோ நினைவுக்கு வந்தது. பால்வெட்டுக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய அதனுள் இருந்தது உள்ளங்கையகலக் கடதாசிக் கூம்பு ஒன்றே. ஆயினும் மாலையானால் லயத்தின் காம்பராக்கள் அத்தனையும் நம் வாசலிற் கூடிவிடும். விலையைக் கேட்ட செவிகளின் தொகையால் வகுத்தால் அதைவிட மலிவான ஒலிபெருக்கியை நாம் கண்டதில்லை. அந்த றேடியோவும் அந்தக் காம்பராவும் 1981 ஆகஸ்டு வன்செயலில் எரிந்துபோயின.

1925இல் அமெரிக்காவில் றைஸ், கெலொக் என்னும் இரு பொறியியலாளர் வகுத்த முறையே இன்றும் பெரும்பாலான ஒலிபெருக்கிகளில் உள்ளது. காந்தத்தின் இடையே ஒரு கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டிய கூம்பு. மின்னோட்டத்திற்கேற்பக் கூம்பு அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அங்ஙனமாயின் விலை எதற்கு? ஒரு பகுதி விறைப்பான பெட்டிக்கு. பெட்டியும் சேர்ந்து அதிர்ந்தால் பாட்டோடு பலகையும் பாடும். ஒரு பகுதி பெரிய கூம்புக்கு. தாழ்ந்த சுருதி எழ மிகுந்த காற்று அசைய வேண்டும். மீதியிற் பெரும்பங்கு மெருகுக்கும் பெயருக்குமே என்பது நம் துணிபு. புளோய்ட் டூல், ஷான் ஒலிவ் என்னும் ஆய்வாளர் 1994இல் வெளியிட்ட சோதனையில், பெட்டியைக் கண்ணாற் கண்டு கேட்டோர் அளித்த மதிப்பும், காணாது கேட்டபோது அளித்த மதிப்பும் வேறுபட்டன. இரத்தினபுரிக் கல் வியாபாரி பொட்டலத்தின் தாளைப் பார்த்து விலை பேசுவதில்லை. நாமோ மெருகைப் பார்த்த பின்னரே காது கொடுக்கிறோம்.

ஆகவே நம் பழைய பதினெண்ணாயிரம் ரூபாப் பெட்டிகளையும் புதியவற்றையும் ஒரு வேட்டிக்குப் பின்னால் வைத்து, பேரனை மாற்றி மாற்றி இயக்கச் செய்தோம். சத்தம் கூடியதே நல்லதெனச் செவி மயங்குமாதலால், இரண்டையும் ஒரே அளவில் வைக்கச் சொன்னோம். வானொலிச் செய்தியில் வேறுபாடே இல்லை. நாதசுரத்திற் பத்துக்கு ஐந்து பிழை. தவிலின் தொப்பியில் மட்டும் ஒருமுறையும் தவறவில்லை. தாளத்தின் முடிவில் ஏதோ சிலிர்ப்புக் கேட்பதாகப் பேரன் சொன்னான். அறுபதைக் கடந்த நம் செவிக்கு அது எட்டவில்லை. எட்டாததற்கும் விலை ஒன்றேயாம்!

கடைசியாக ஒரு கசெற்றை இட்டோம். 1979ஆம் ஆண்டு விடுமுறையில் இந்நண்பரே தம் பதிகருவியோடு தோட்டத்திற்கு வந்து பதித்த, நம் அன்னையாரின் தாலாட்டு அது. விடுதியில் நம் தகரப்பெட்டியிற் கிடந்தமையால் நெருப்புக்குத் தப்பியது. பழைய பெட்டிகளிற் பாட்டு வந்தது. மற்றவற்றில் முதலில் நாடாவின் இரைச்சல் வந்தது. பின் ஒவ்வோர் அடியின் ஈற்றிலும் அன்னையார் மூச்சை இழுத்துக்கொள்வது வந்தது. அவருக்குத் தொய்வு இருந்தது. வேட்டியை விலக்காமலே எது எதுவெனத் தெரிந்துவிட்டது. பேரன் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, மாற்றுவதை நிறுத்திக்கொண்டான்.

இரண்டாம் பாட்டின் நடுவே மழை பிடித்தது. தகரத்தின் ஓசையில் மூன்று இலட்சமும் பதினெண்ணாயிரமும் ஒன்றாயின.

பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டோம், சீலிங்கும் அடித்தாயிற்று. அவற்றை வாங்கியவர் எடுத்துச் செல்ல வருமுன், கசெற்றோடு ஒருமுறை வந்து போகும்படி நண்பர் சொல்லியனுப்பினார். முதல் பஸ்ஸிலேயே கொழும்புக்குச் சென்றோம். இருவரும் இருந்து அதனை இரண்டு முறை கேட்டோம்.