ஆயிரம் பொற்கொல்லரும் ஒரு கருப்பொருளும்

சென்ற ஆண்டின் இரண்டாந் தவணைப் பரீட்சையிலே உயர்தர வகுப்பு மாணவர்க்கு நான் ஒரு வினாக் கொடுத்திருந்தேன். "சிலப்பதிகாரத்தின் கருப்பொருளை விளக்குக" என்பது அவ்வினா. அதற்குரிய விடை எமது கல்வியுலகில் நெடுங்காலமாக வரையறுக்கப்பட்டுவிட்ட ஒன்று. நூலின் பதிகம் மூன்று உண்மைகளைக் கூறுகின்றது. ஆட்சிநெறி தவறிய அரசனை அறமே அழிக்கும். கற்புடைய பெண்ணைச் சான்றோர் வணங்குவர். பழவினை தன் பயனைத் தவறாது தரும். இம்மூன்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் காட்டியவர்க்கு முழுப்புள்ளி. இருபத்தாறு விடைத்தாள்களில் இருபத்தைந்து அவ்வாறே அமைந்திருந்தன.

எஞ்சிய ஒன்றை எழுதியவன், மூன்று உண்மைகளையும் மூன்று வரிகளில் முடித்துவிட்டு, ஒரு பக்கம் முழுவதும் பொற்கொல்லரைப் பற்றி எழுதியிருந்தான். மதுரை எரிந்தபின் பாண்டிநாட்டில் மழை பொய்த்தது; வறுமையும் நோயும் தொடர்ந்தன; கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டான்; அதன்பின் மழை பெய்தது. இச்செய்தி நூலிலே உள்ளதுதான். வகுப்பில் நாங்கள் படித்தவை மதுரைக் காண்டத்தின் சில பகுதிகளே. அவனோ நூலகத்திலிருந்து முழு நூலையும் எடுத்துப் படித்திருந்தான். "பொய் சொன்னவன் ஒருவன். கொல்லப்பட்டோர் ஆயிரவர். இது எந்த அறம்?" என்று கேட்டு விடையை முடித்திருந்தான். நான் சிவப்பு மையினால் "வினாவுக்குப் புறம்பானது" என்று எழுதிப் பத்துக்கு மூன்று புள்ளி இட்டேன்.

விடைத்தாளைப் பெற்ற அன்று மாலை அவன் ஆசிரியர் அறைக்கு வந்தான். புள்ளியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"சேர், அந்த ஆயிரம் பேரும் அந்த மூண்டு உண்மையிலை எதுக்குள்ளை வருவினம்?"

ஊழ்வினைக்குள் வருவர் என்றேன்.

"அரசன் பிழை விட்டால் அறம் கேக்கும் எண்டுதானே சொல்லித் தந்தனீங்கள்? அவையளைக் கொன்ற அரசனை ஆர் கேட்டது?"

என்னிடம் விடை இருக்கவில்லை. அவனுடைய தகப்பனார் நகைக்கடை ஒன்றிலே கூலிக்கு வேலை செய்யும் பொற்றொழிலாளி என்பதை நான் அறிவேன். "அப்பாவுக்கு இதை நான் வாசிச்சுக் காட்டேல்லை, சேர்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்றிரவு, பல்கலைக்கழகத்தில் சிறப்புப் பட்டத்துக்காக நான் எழுதிய ஆய்வுக் கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். சிலப்பதிகாரம் கூறும் அறமே அதன் பொருள். நூலின் உரைபெறு கட்டுரையை அதில் எடுத்தாண்டிருந்தேன். இலங்கைக் கயவாகு மன்னன் கண்ணகிக்கு வழிபாடு செய்த செய்தி அங்கு வருகின்றது. நூலின் காலத்தைத் துணிய முற்படுவோரும், எம் நாட்டின் கண்ணகி வழிபாட்டை ஆராய்வோரும் அதனை மேற்கோள் காட்டத் தவறுவதில்லை. நானும் காட்டியிருந்தேன். அதே பகுதியில், கயவாகுவுக்குச் சற்று முன்னதாக நிற்கும் ஆயிரம் பொற்கொல்லர் என் கட்டுரையின் எந்தப் பக்கத்திலும் இல்லை. நீர்ப்படைக் காதை அச்செய்தியை மீண்டும் கூறுகின்றது. அதையும் நான் தொடவில்லை. அவ்வரிகளைப் படித்திருக்கவில்லை என்று சொல்லித் தப்பவும் முடியாது. படித்தேன், நான் வரித்துக்கொண்ட கருப்பொருளுக்கு அவை இசையவில்லை, விட்டுவிட்டேன்.

கருப்பொருள் என்ற சொல்லையே சற்று எண்ணிப் பார்ப்போம். தொல்காப்பியர் கருப்பொருள் என வகுத்தவை தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன. இன்று நாம் கருப்பொருள் எனச் சுட்டுவது அவர் கூறிய உரிப்பொருளுக்கே, அதாவது மாந்தரின் ஒழுக்கத்துக்கும் உணர்வுக்குமே, நெருங்கி நிற்கின்றது. சொற்கள் பொருள் மாறுவது மொழியின் இயல்பு, அதிற் குற்றமில்லை. ஆயினும் பழைய கருப்பொருளில் மனிதன் உண்ணும் உணவும் செய்யும் தொழிலும் இடம்பெற்றிருந்தன. அவற்றோடு சேர்த்தே உரிப்பொருள் உணரப்பட்டது. நாமோ தொழிலைத் துடைத்துவிட்டு அறத்தை மாத்திரம் எழுதிப் புள்ளி வாங்குகின்றோம், புள்ளி வழங்குகின்றோம்.

ஒரு கதையின் விடயம் வேறு, கருப்பொருள் வேறு. அரச நீதி என்பது விடயம். அந்நீதி யாருக்குக் கிட்டுகின்றது, யாருக்குக் கிட்டாது போகின்றது என்பதை நூல் முழுவதும் சேர்ந்து உணர்த்துவதே கருப்பொருள். பதிகத்தின் கூற்று அதற்கு ஒரு சான்றேயன்றி முடிந்த தீர்ப்பன்று. பதிகத்தை இளங்கோவே பாடினார் என்பதிலும் அறிஞரிடையே ஐயமுண்டு. மதுரையை எரிக்கத் தீயை ஏவிய கண்ணகி, அந்தணரையும் அறநெறியாளரையும் பசுக்களையும் கற்புடைய மாதரையும் முதியோரையும் குழந்தைகளையும் விலக்கித் தீயோரையே பற்றுமாறு பணித்தாள். கணவனை இழந்து கொதித்து நின்ற ஒருத்தி அந்த வேறுபாட்டைக் கண்டாள். அவள் பெயரால் பலியிட்ட அரசு அதைக் காணவில்லை. இவ்விரண்டும் ஒரே நூலில் இருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் அந்நூலின் அறத்தைப் பற்றி எதையும் துணிந்து கூறுவதற்கில்லை.

கதாசிரியன் தன் கருப்பொருளை வெளிப்படக் கூறாமலே உணர்த்தலாம். ஆய்வாளனுக்கு அவ்வுரிமை இல்லை. அவன் அதனை முதலிலேயே கூறவேண்டும். கூறியபின், அதற்கு எதிராக நிற்கும் சான்றையும் மறைக்காது வாசகர்முன் வைக்கவேண்டும். இதை எனக்குப் பட்டத்துக்குப் பல்லாண்டுகளின் பின் கற்பித்தவன் ஒரு மாணவன்.

மறுநாள் அவனை அழைத்து மூன்றை எட்டாகத் திருத்தினேன். கண்ணகி தீயை ஏவிய இடத்தை அவன் எடுத்துக் காட்டாமையால் இரண்டு குறைந்தது என்பதையும் சொன்னேன். பொதுப் பரீட்சையில் மூன்று உண்மைகளையும் ஒழுங்காக எழுதிவிட வேண்டும் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவன் முகத்தை என்னாற் பார்க்க முடியவில்லை.

இவ்வாண்டு அந்த வினாவை மாற்றினேன். பதிகம் கூறும் மூன்று உண்மைகளுள் அடங்காத ஒரு நிகழ்ச்சியை எடுத்து ஆராயுமாறு கேட்டேன். ஆறு பேர் மாதரியைப் பற்றி எழுதியிருந்தனர். கண்ணகிக்கு இடங்கொடுத்த ஆயர்குல முதியவள் அவள். அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று தீயில் வீழ்ந்து மாண்டவள். என் ஆய்வுக் கட்டுரையில் அவளும் இல்லை.