யாருடைய கட்டையில்?

திங்கள்

காந்தி நகர் வகுப்பு முடிந்ததும் அந்தப் பையனின் அம்மா வாசலில் காத்திருந்தார். "மிஸ், இவனுக்குக் குரலே போயிடுச்சு. கீபோர்டுல சேர்த்துடலாமான்னு பார்க்கிறோம்."

குரல் எங்கேயும் போகவில்லை. மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல்வளை பெரிதாகி, நாண்கள் நீண்டு தடிக்கின்றன. சாரீரம் கீழே இறங்குகிறது. போன வருஷம் பெண்களோடு ஐந்து கட்டையில் வர்ணம் பாடியவன், இப்போது மேல் ஷட்ஜத்தைத் தொட்டால் பிசிறுகிறான். பக்கத்தில் சிரிப்பு. அதனால் வெறுமே வாயசைக்கிறான். எனக்குத் தெரியாதென்று நினைப்பு.

"கொஞ்ச நாள் பொறுங்க. வியாழக்கிழமை தனியா அனுப்புங்க" என்றேன். அதற்குத் தனி ஃபீஸா என்றார். நியாயமான கேள்விதான்.

புதன்

குரூப் கிளாஸ் என்றால் ஒரே சுருதி. பெரும்பாலும் டீச்சருடைய சுருதி. ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை 'ஸ' என்று வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் பாட்டே தொடங்குகிறது. ஆண்கள் வழக்கமாக ஒன்றை ஒட்டி, பெண்கள் ஐந்தை ஒட்டி. ராகமும் தாளமும் பாடத்தில் இருக்கின்றன, சுருதி மட்டும் உடம்பில் இருக்கிறது. போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளின் பெற்றோர் ஐந்தரை, ஆறு என்று ஏற்றச் சொல்கிறார்கள். 'பளிச்'சென்று இருக்குமாம். தொண்டை இறுகிப்போனால் அடுத்த வருஷம் டீச்சரை மாற்றுவார்கள்.

எனக்கே ஐம்பதைத் தாண்டியபின் நாலரைதான் சுகம். அதை மறைக்கக் கத்துவதைவிடச் சுருதிப் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்துவது கௌரவம்.

வியாழன்

பையன் வந்தான். எம்.டி. ராமநாதன் பாட்டு ஒன்றைப் போனில் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஸ்பீடைக் குறைச்சு வச்சிருக்கீங்களா மிஸ்?" என்றான். சிரித்துவிட்டேன். சபாக்களில் அந்தக் காலத்துப் பெரியவர்கள் பலருக்கும் இதே சந்தேகம் இருந்திருக்கும்.

ராமநாதன் பாலக்காட்டுப் பக்கம் மஞ்சப்ராவில் 1923ல் பிறந்தவர். பௌதிகத்தில் பட்டம் வாங்கிவிட்டுச் சங்கீதம் படிக்கக் கலாக்ஷேத்ராவுக்கு வந்தார். அப்போது கலாக்ஷேத்ரா இங்கே அடையாற்றில், தியசாபிகல் சொசைட்டித் தோட்டத்தில் இருந்தது. திருவான்மியூருக்குப் போனது பிற்பாடு. குரு, டைகர் வரதாச்சாரியார். டைகருக்கு இனிமையான சாரீரம் என்று யாரும் சொன்னதில்லை. கரடுமுரடான அந்தக் குரலோடேயே 1932ல் சங்கீத கலாநிதி ஆனவர். அப்படி ஒரு குருவிடம் போய்ச் சேர்ந்ததால்தான் 'உன் குரலை மாற்று' என்ற பேச்சு எழவில்லையோ என்னவோ. என் ஊகம்தான்.

வித்வான் அரியக்குடி வகுத்த கச்சேரி முறை மத்யம காலத்தில் விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருந்த ஊரில், இவர் ஒரு கட்டைக்கும் வெகு கீழே சுருதி வைத்துக்கொண்டு சௌக்கத்தில், நிறுத்தி நிதானமாகப் பாடினார். சௌக்கம் டைகரிடமிருந்து வந்தது என்பார்கள், இருக்கட்டும். அந்த அடித்தொண்டைக் கார்வை அவருக்கே உரியது. படித்த இடத்திலேயே ஆசிரியராகி, பிறகு முதல்வரும் ஆனார். 1974ல் பத்மஸ்ரீ கிடைத்தது. சங்கீத கலாநிதி கடைசிவரை வரவில்லை. கேரளத்தில் அவருக்குப் பித்துப்பிடித்த ரசிகர்கள்; மலையாளக் கவி சச்சிதானந்தன் அவரைப் பற்றிக் கவிதையே எழுதியிருக்கிறார். தன் கீர்த்தனைகளுக்கு வைத்துக்கொண்ட முத்திரை 'வரததாஸ'. குருவின் பேரைச் சுமந்தார், தொண்டை அவருடையதாகவே இருந்தது.

எம்.டி.ஆரைப் போலவே இழுத்துப் பாடுகிறவர்களையும் கேட்டிருக்கிறேன். அது மிமிக்ரி. அதனால் பையனிடம் "இப்படிப் பாடு" என்று சொல்லவில்லை. "இப்படியும் ஒருத்தர் இருந்தார்" என்றதோடு சரி.

சனி

பெட்டியில் ஒவ்வொரு கட்டையாக இறக்கிப் பார்த்தோம். மூன்றில் மேலே உடைகிறது. ஒன்றில் கீழ்ப் பஞ்சமம் வெறும் காற்று. இரண்டில் நின்றான். அடுத்த மாதம் இது மாறலாம் என்றேன். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, முதல் காலம். மேல் ஸ்தாயியை அழுத்தக் கூடாது. "இதெல்லாம் செகண்ட் ஸ்டாண்டர்ட்லயே முடிச்சாச்சே மிஸ்" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டான். அது வேற தொண்டை, இது புதுசு என்றேன்.

பெண்கள் வகுப்பில் தாளம் மட்டும் போட்டுக்கொண்டு உட்கார மாட்டானாம். அவன் சொல்வதும் சரிதான். சனிக்கிழமை காலையில் வங்கியில் ஓய்வு பெற்ற ஒருவர் வருகிறார், கீதம் வரை வந்திருக்கிறார். அவரோடு சேர்க்கலாமா என்று கேட்டேன். "அந்தத் தாத்தாவோடயா?" என்றான். தாத்தாவுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒரு கட்டைக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறார். ஆளுக்கு ஒரு வரி என்று வைத்துக்கொண்டு, பெட்டியை மாற்றி மாற்றி அழுத்த வேண்டியதுதான்.