தரைவழியே ஒரு நெடும்பயணம்

தொலைவைக் கல் கணக்கில் அளப்பர். நாள் கணக்கிலும் அளப்பர். நாடு விட்டு நாடு பேருந்தில் சென்றோர்க்கு மூன்றாவது கணக்கு ஒன்றும் உண்டு. எத்தனை எல்லைகள் தமக்கு வழிவிட்டன என்பதே அது.

திருவந்திபுரத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு, இளமையில் நெடும்பயணம் என்பது கடலூர் சென்று பேருந்து மாறிச் சிதம்பரம் போவதே. எம்.ஃபில். பட்டத்திற்காக அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது நாள்தோறும் அவ்வழியே சென்று வந்தோம். முகூர்த்த நாள்களில், தேவநாத சுவாமி கோயிலில் திருமணம் கண்டு திரும்புவோரால் பேருந்து நிறைந்திருக்கும். நிற்போரின் பையை அமர்ந்திருப்போர் மடியில் வாங்கி வைத்துக்கொள்வர். பெயரும் கேளார், சமயமும் கேளார்.

இத்தகைய நம்பிக்கையையே வழித்துணையாகக் கொண்டு கண்டம் கடந்த பேருந்துகளும் உண்டு. 1957 ஏப்ரல் 15 அன்று, ‘இந்தியாமேன்’ என்னும் பேருந்து 20 பயணிகளுடன் இலண்டனிலிருந்து புறப்பட்டது. பிரான்சு, இத்தாலி, யூகோஸ்லாவியா, பல்கேரியா, துருக்கி, ஈரான், பாகிஸ்தான் ஆகிய நாடுகளைக் கடந்து, ஜூன் 5 அன்று கல்கத்தா வந்து சேர்ந்தது. ஒருவழிக் கட்டணம் 85 பவுன். 1960களின் இறுதியில், படுக்கைகளும் சமையலறையும் கொண்ட ‘ஆல்பர்ட்’ என்னும் ஈரடுக்குப் பேருந்தும் இலண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே ஓடியது.

இச்செய்திகளைச் செவிவழியே அறிந்து ஆசை கொண்டவர் எம் பாட்டனார். சிறு மளிகைக் கடை நடத்தியவர். கப்பலேற அஞ்சிய அவர், ஹஜ் கடமையைத் தரைவழியே சென்று நிறைவேற்ற எண்ணினார். கடைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் லாகூர், காபூல், மஷ்ஹத், பக்தாத், மதீனா, மக்கா என ஊர்ப்பெயர்களை வரிசையாக எழுதி, எதிரே வழிச்செலவுக்குச் சேர்த்த தொகையைக் குறித்து வந்தார். 14-ஆம் நூற்றாண்டில் இந்துகுஷ் மலையைக் கடந்து இந்தியாவுக்குள் வந்த இப்னு பதூதா மதுரை வரை வந்திருக்க, நாம் மறுவழியே செல்ல இயலாதா என்பாராம்.

வழி அடைபட்டது. 1979 தொடக்கத்தில் ஈரானில் புரட்சி வென்றது; அவ்வாண்டு டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. 1980 செப்டம்பரில் ஈரான், ஈராக் போர் மூண்டது. பாட்டனாரின் பட்டியலில் இருந்த ஊர்கள் ஒவ்வொன்றாகப் போர்ச் செய்திகளில் இடம்பெற்றன. அவர் 1986-இல் இறையடி சேர்ந்தார். சேர்த்த தொகை எம் கல்விக்கு ஆயிற்று. பேரேடு இன்றும் நம்மிடம் உள்ளது.

வழி திறந்த நாள்களும் உண்டு. 1999 பிப்ரவரியில் பிரதமர் வாஜ்பாய் பேருந்திலேயே வாகா எல்லையைக் கடந்து லாகூர் சென்றார். அவ்வாண்டே கார்கில் போர் மூண்டபோதும் தில்லி, லாகூர் பேருந்து நிற்கவில்லை. 2001 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் நின்றது. 2003-இல் மீண்டும் ஓடியது. 2019 ஆகஸ்டில் மறுபடியும் நின்றது. ஒரு பேருந்தின் கால அட்டவணையே இரு நாட்டு உறவின் வரலாறாகிவிட்டது.

விமானம் எல்லைகளுக்கு மேலே பறந்துவிடுகிறது. பேருந்தோ ஒவ்வோர் எல்லையிலும் நின்று, அங்குள்ளோரின் இசைவைப் பெற்றே நகர வேண்டும். சாலையை அமைப்பது அரசு. அதைத் திறந்து வைத்திருப்பது அண்டை அயலாரின் நல்லுறவு.

மாணவச் செல்வங்களே! பட்டம் பெற்று நீங்கள் துபாய்க்கோ தம்மாமுக்கோ பறந்து செல்லலாம். அதற்கு முன் ஒருமுறையேனும் நம் நாட்டைப் பேருந்தில் குறுக்காகக் கடந்து பாருங்கள். மொழி புரியாத ஓர் ஊரில், அருகிலிருப்பவரிடம் பையை ஒப்படைத்துவிட்டு இறங்கித் தேநீர் அருந்தி வாருங்கள். திரும்பி வரும்போது பை அங்கேயே இருக்கும் என்று நம்புவதும், பிறர் பைக்கு நாம் காவலிருப்பதும் நம் வகுப்பறைகள் கற்பிக்க இயலாத பாடங்கள்.